ஊசியக்கா தைத்த சீட் உறைகள்

என் ஜெராக்ஸ் கடைக்கும் ஊசியக்காவின் தையல் கடைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அவள் மிஷினை ஓட்டினால் என் மேஜை மேல் இருக்கும் குண்டூசி டப்பா கிலுகிலுக்கும். பதினோரு வருஷமாக அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறேன். அது நின்றுபோனால் எனக்கு வேலை ஓடாது.

நான் கோபக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதையில் ஒருவனைப் பற்றி நான் நல்லபடியாக எழுதப் போவதில்லை. நடுநிலை வேண்டும் என்பவர்கள் தராசுக் கடைக்குப் போகலாம்.

ஊசியக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒல்லி. காதோரம் எப்போதும் ஒரு சாக்கட்டி செருகியிருக்கும், அது இருப்பதை மறந்துவிட்டுக் கடை முழுக்கத் தேடுவாள். அவள் தையலில் ஒரு பிடிவாதம் உண்டு. ஆளைப் பார்க்காமல் துணியில் கத்தரி வைக்க மாட்டாள். அளவுச் சட்டை கொண்டுவந்து, "இதே மாதிரி தச்சுக் குடுங்க" என்று யாராவது சொன்னால் போச்சு.

"சட்டையா போட்டுக்கப் போகுது? ஆள வரச் சொல்லுங்க. ஒரு தோள் இறங்கியிருக்கும், முதுகு வளைஞ்சிருக்கும். அதெல்லாம் சட்டை சொல்லுமா?" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். இப்படி எத்தனை வாடிக்கைகளைக் கெடுத்துக்கொண்டாள் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆனால் அவள் தைத்தது யாருக்கும் பிடிக்காமல் போனதாக நான் கேள்விப்பட்டதும் இல்லை.

அந்தப் பிடிவாதத்துக்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது. அவள் தம்பி.

அவனுக்குப் பழைய கார்களை வாங்கி விற்கிற தொழில். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்கு ஒன்பது வயது, இவளுக்குப் பத்தொன்பது. அவனுடைய பள்ளிக்கூடச் சீருடையிலிருந்து கல்யாணச் சட்டைவரை எல்லாம் இவள் கையால் தைத்ததுதான். நாற்பத்து மூன்று வயதாகியும் அவனை "சின்னவன்" என்றுதான் சொல்வாள். சிரிப்பு நல்ல சிரிப்பு. உள்ளே வரும்போதே, "அக்கா, டீ சொல்லட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு வருவான். எனக்கும் சேர்த்துத்தான் சொல்வான். நானும் குடித்தேன். மறுக்கவில்லை.

கார் சீட்டுக்கு உறை தைக்க வேண்டும் என்றால் அவன் காரைக் கொண்டுவர மாட்டான். பழுப்புக் காகிதத்தில் வெட்டிய அளவுத் துண்டுகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவான். முன்சீட்டு முதுகு, முன்சீட்டு அடி, பின்சீட்டு, தலை வைக்கிற திண்டு என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும்.

"வண்டிய ஒரு தடவ பாத்துட்டா நல்லா இருக்கும்டா" என்பாள்.

"அது ஊருக்கு வெளிய ஷெட்டுல கெடக்குதுக்கா. நீ எதுக்கு அலையணும்? அளவு பக்காவா எடுத்திருக்கேன்."

அவ்வளவுதான், மிஷின் ஓட ஆரம்பித்துவிடும். ஊர் உலகத்துக்கெல்லாம் ஒரு சட்டம், தம்பிக்கு ஒரு சட்டம். ஒவ்வொரு தையலும் முடியும் இடத்தில் மூன்று குத்து திரும்பிப் போட்டு நிறுத்துவாள். பிரியவே பிரியாது. அந்த மூன்று குத்தை வைத்து, எந்தத் துணி அவள் கைபட்டது என்று நானே சொல்லிவிடுவேன்.

உறை தயாரானதும் அவன் என் கடைக்கு வருவான். "பழைய கார் விற்பனைக்கு. நல்ல நிலை. புதிய சீட் உறைகள்" என்று நான் கணினியில் அடித்துக் கொடுப்பேன், அவன் பிரதி எடுத்துப் போய் ஊரெல்லாம் ஒட்டுவான். 'நல்ல நிலை' என்பதைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்வான். போட்டேன்.

போன வருஷம் ஊசியக்காவின் மகள் உண்டானாள். மருமகன் கப்பலில் வேலை பார்க்கிறவன், ஏழு மாதம் தண்ணீர் மேல் இருப்பான். மகள் ஊரின் மறுகோடியில் தனியாக இருக்கிறாள். நேரம் வரும்போது யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்ற பேச்சு வந்ததும், "நான் எதுக்கு இருக்கேன்? நானே ஓட்டிக்கிட்டுப் போய்ச் சேப்பேன்" என்று ஊசியக்கா மார்தட்டிவிட்டாள். அவளுக்கு ஓட்டத் தெரியும். உரிமமும் இருந்தது. கார்தான் இல்லை.

தம்பியிடம் சொன்னாள். எதற்கு என்பதையும் சொன்னாள். அதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன்.

ஒரு மாதம் கழித்துச் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கார் கடை வாசலில் வந்து நின்றது. பன்னிரண்டு வயதுக் கார். சின்னவன் இறங்கி, கதவைத் திறந்து காட்டினான். உள்ளே கருநீல ஓரம் வைத்த சாம்பல் உறைகள். ஊசியக்கா குனிந்து பார்த்துவிட்டுக் கையைத் தட்டிச் சிரித்தாள்.

"டேய், இது நான் தச்சதுடா! போன மாசம் தச்சேனே! என் தையல் எனக்கே வந்துருச்சு பாரு!"

"பின்ன? உனக்குன்னே எடுத்து வச்சேன். வாங்குறேன்னு வந்தவங்களுக்குக்கூட இல்லன்னு சொல்லிட்டேன்" என்றான் அவன்.

அன்றைக்கு அவள் அழுதாள். சந்தோஷத்தில்தான். கையிலிருந்ததைக் கொடுத்து வண்டியை வாங்கிக்கொண்டாள். டயரை உதைத்துக்கூடப் பார்க்கவில்லை.

முதல் வாரமே வண்டி காலையில் எழ மறுத்தது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அப்புறம் மௌனம். ஊசியக்கா தம்பிக்குப் போன் போட்டாள். அவன் எங்கேயோ வெளியூரில் இருந்தான். எனக்குத் தெரிந்தவரிடம் அந்த மாடலின் பழுதுபார்க்கும் புத்தகம் ஒன்று கிழிந்த நிலையில் இருந்தது. வாங்கிவந்து முன்னூறு பக்கத்தையும் பிரதி எடுத்து, சுருள் கம்பி போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவள் அதைத் தையல் கணக்காகப் படிக்க ஆரம்பித்தாள். முடித்த வேலைக்கு நேரே சாக்கட்டியால் ஒரு கோடு.

பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொரிந்து கிடந்தது. புத்தகத்தில் சொன்னபடியே முதலில் கழித்தல் குறி போட்ட முனையைக் கழற்றினாள். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். அது நுரைத்துப் பொங்கியதும், "பாருடா, கோவத்த!" என்றாள். துடைத்துக் காயவைத்து மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினாள். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள்.

பிறகு கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் துளை அடைத்துக்கொண்டது. மெக்கானிக்கிடம் போயிருந்தால் அதையே மாற்ற வேண்டும் என்றிருப்பான். இவள் பூ வேலைக்கு வைத்திருக்கும் மெல்லிய ஊசியை விட்டு நாலு குத்துக் குத்தினாள். பழுப்பாக ஏதோ துகள் வந்தது, அப்புறம் தண்ணீர் என் சட்டையில் அடித்தது. இடப்பக்கக் கண்ணாடி ஏற அழுதது. அதற்கு மிஷின் எண்ணெயை எடுத்துக்கொண்டு ஓடியவளை நான்தான் தடுத்தேன். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும், சிலிக்கான் ஸ்பிரேதான் அடிக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது.

"முப்பது வருஷமா இந்த எண்ணெய் என்னை ஏமாத்துனதே இல்ல" என்று முனகிக்கொண்டே போய் வாங்கிவந்தாள்.

ஹாரன் சில நாள் அடிக்கும், சில நாள் அடிக்காது. ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தோம். எதுவும் எரிந்திருக்கவில்லை. ஆனால் கால்களில் எல்லாம் பச்சையாக ஏறியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்துத் திரும்ப மாட்டினாள்.

"மூடி வச்ச பெட்டிக்குள்ள எப்படிடா பாசி புடிக்கும்?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்கு என்ன தெரியும்? பழைய வண்டி என்று சொல்லி வைத்தேன். தம்பிக்கும் போன் போட்டுக் கேட்டாள். போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"வயசான வண்டிக்கு இதெல்லாம் சகஜம்க்கா. உனக்கு மட்டும் முட்டி வலிக்கலையா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்கப்புறம் எது கெட்டாலும் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டோம். முகப்பு விளக்கு மங்கலாக இருந்தது. பற்பசை போட்டு ஈரத் துணியால் அரை மணி நேரம் தேய்த்தாள், கண்ணாடி பளிச்சென்று ஆனது. வெளியே பளிச்சென்று ஆனபிறகுதான், உள்பக்கம் அடியில் கோடு போட்ட மாதிரி ஒரு பழுப்புக் கறை தெரிந்தது. அதுவும் வயசு என்று விட்டுவிட்டோம். மழை பெய்யாத நாளிலும் வண்டிக்குள் ஒரு ஈர வாடை அடித்தது. கீழே விரித்திருக்கும் கம்பளத்தைத் தூக்கி வெயிலில் போடலாமா என்று தம்பியைக் கேட்டாள்.

"ஐயோ, கம்பளத்த மட்டும் தூக்காதக்கா! அது கிளிப்பு போட்டது. உடைஞ்சா கிடைக்கவே கிடைக்காது" என்றான்.

தூக்கவில்லை. என் கடையில் கிடந்த பழைய செய்தித்தாள்களை மிதியடிக்குக் கீழே விரித்து ஈரத்தை இழுக்க வைத்தாள். வாரம் ஒருமுறை மாற்றினாள். இரண்டு மாதத்தில் அந்த முன்னூறு பக்கத்தில் பாதிக்குமேல் சாக்கட்டிக் கோடு விழுந்துவிட்டது. தெருவில் யாருடைய வண்டியாவது கிளம்பாவிட்டால் "ஊசியக்காவக் கூப்பிடு" என்று சொல்லும் அளவுக்குப் போனது. அவளுக்கும் அதில் பெருமைதான். "எல்லாம் என் சின்னவன் குடுத்த வண்டி கத்துக்குடுத்தது" என்று சொல்லிக்கொள்வாள்.

மகளுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒத்திகை பார்க்க வேண்டும் என்று அவளை வரவழைத்தாள். சீட்டைப் பின்னால் தள்ளி, முதுகுக்கு ஒரு திண்டு வைத்து உட்காரவைத்தாள். பெல்ட்டை இழுத்து, வயிற்றுக்குக் கீழே ஒரு பட்டை, மார்பின் குறுக்கே ஒரு பட்டை என்று போட்டுவிட்டாள். கழற்றியபோது பெல்ட் உள்ளே போகவில்லை. மகள் மடியிலேயே துவண்டு கிடந்தது.

"அம்மா, இது என்னைப் புடிக்குமா?" என்று மகள் கேட்டாள்.

"புடிக்காம? அழுக்கு ஏறியிருக்கும். கழுவுனா சரியாயிடும்."

அதற்கும் புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. பெல்ட்டை மெதுவாகக் கடைசி வரை இழுக்க வேண்டும். திரும்ப ஓடாதபடி துணி கவ்வி போட வேண்டும். வெந்நீரில் சோப்பைக் கரைத்துத் தேய்த்து, நிழலில் காயவிட வேண்டும். நான் வாளியைப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்தாள். கறுப்புப் பட்டை வந்தது, இன்னும் வந்தது, சுத்தமாக, யாரோ ஏற்கெனவே கழுவியதுபோல. கடைசியில் ஒரு முழம் இருக்கும்போது நிறம் மாறியது.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த ஒரு முழமும் பழுப்பு. கறுப்பும் பழுப்பும் சேரும் இடத்தில் அலை அலையாக ஒரு கோடு. அவள் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"டீ கொட்டியிருக்கும்க்கா" என்றேன் நான்.

"டீக்கறை ஓரத்துல கறுக்கும். எண்ணெய்க்கறை பரவிக்கிட்டே போகும். இது சேறு. நின்ன தண்ணியோட கறை" என்றாள். குரலே மாறியிருந்தது. "ஒரு நாள் ரெண்டு நாள் இல்லடா. வாரக்கணக்குல நின்னிருக்கு."

ஓட்டுநர் பக்கத்து பெல்ட்டை இழுத்தாள். அதே கறை. பின்சீட்டிலும் அதே. கடைக்குள் போய், தையல் பிரிக்கிற சின்னக் கத்தியைக் கொண்டுவந்தாள். மகள் உட்கார்ந்திருந்த சீட்டின் உறையில், தான் போட்ட அந்த மூன்று குத்தைத் தேடிப் பிடித்து, அறுத்தாள். பிரியவே பிரியாது என்று சொன்னேனே, நிஜமாகவே அது சுலபத்தில் பிரியவில்லை. நாலைந்து தரம் கத்தி வழுக்கியது. உறையை உருவியதும் காய்ந்த மண் பொலபொலவென்று அவள் மடியில் கொட்டியது. உள்ளே இருந்த பஞ்சுத் திண்டின் நடுவே அதே பழுப்புக் கோடு. அதற்குக் கீழே எல்லாம் சேறு ஊறி இறுகியிருந்தது. ஓரமாக ஒரு மக்கின இலை ஒட்டியிருந்தது.

கம்பளத்தையும் தூக்கினாள். ஒரு கிளிப்புகூட உடையவில்லை.

அது வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த வண்டி. பேட்டரி, ஃபியூஸ், ஹாரன், விளக்கு, வாடை என்று நாங்கள் வயசு வயசு என்று சிரித்த அத்தனையும் ஒரே வியாதி. எனக்கு ரத்தம் கொதித்தது. மகள்தான் சமாதானம் சொல்லப் பார்த்தாள்.

"மாமாவுக்கே தெரியாம இருந்திருக்கும்மா. யாரோ அவர் தலையில கட்டிட்டாங்களோ என்னவோ."

ஊசியக்கா மடியிலிருந்த மண்ணைத் தட்டவில்லை.

"உறைக்கு அளவெடுத்தது யாரு? சீட்டு மேல காகிதத்த வச்சு வெட்டுனது யாரு? இந்தக் கோட்டு மேலதானே வச்சிருப்பான்" என்றாள்.

பிறகு தம்பிக்குத் தைத்த உறைகளை எண்ணி விரல்களை மடக்க ஆரம்பித்தாள். பச்சை ஒன்று. நீலத்தில் வெள்ளை ஓரம் ஒன்று. தோல் மாதிரி இருக்கும் பழுப்பு இரண்டு. கறுப்பில் சிவப்பு. கோடு போட்டது. அப்புறம் இந்தச் சாம்பல். ஏழு. ஒரு வண்டியைக்கூட அவள் பார்த்ததில்லை. ஏழுக்கும் காகிதம்தான் வந்தது. எட்டாவது உறைக்கு வெட்டிய துணி, கடைக்குள் மிஷின் மேல் அடுக்கி வைத்திருந்தது.

நானும் மனசுக்குள் எண்ணிக்கொண்டேன். ஏழு விளம்பரம். ஏழிலும் கொட்டை எழுத்து.

திங்கட்கிழமை காலையில் தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து காட்டினாள். அவன் சீட்டுக்கடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு எழுந்தான். பெல்ட்டை இறுக்குகிற கருவிக்கும் காற்றுப் பைக்கும் போகிற ஒயர் முனைகள் பச்சை பிடித்துக் கிடக்கின்றன என்றான்.

"வேலை செஞ்சாலும் செய்யும், செய்யாமலும் போகும்க்கா. அடிபட்டாத்தான் தெரியும்."

பத்து மணிக்குச் சின்னவன் எட்டாவது உறையை வாங்க வந்தான். வாசலில் சீட்டெல்லாம் அவிழ்ந்து கிடந்த காரைப் பார்த்தான். டீ சொல்லட்டுமா என்று கேட்கவில்லை. நான் என் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றேன். கூப்பிடாத இடத்துக்கு வருவது மரியாதை இல்லைதான். நான் மரியாதைக்கு வரவில்லை.

"தெரியுமாடா உனக்கு?" என்று அவள் கேட்டாள். கத்தவில்லை. அளவெடுக்கும்போது கேட்பாளே, கை எவ்வளவு நீளம் வேண்டும் என்று, அந்தக் குரலில் கேட்டாள்.

"அக்கா, தண்ணி பட்ட வண்டின்னா உடனே கெட்ட வண்டின்னு அர்த்தம் இல்ல. இன்ஜின் முழுக்கப் பிரிச்சு மாட்டியிருக்கேன். ஓடுதுல்ல?"

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அந்தப் பெல்ட்ட என் பொண்ணு வயித்து மேல போடப் போறேன்னும் தெரியும்."

அவன் தரையைப் பார்த்தான். தரையில் துணி வெட்டின துணுக்குகள்தான் கிடந்தன.

"நீ கேக்கவே இல்லையேக்கா. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். வாங்கும்போதும் கேக்கல. இத்தன வண்டிக்கு உறை தச்சியே, ஒண்ணுக்காவது 'ஏன்டா வண்டியக் காட்ட மாட்டேங்குற'ன்னு கேட்டியா?"

நான் அவனை அடித்திருப்பேன். ஊசியக்கா கையை நீட்டி என்னைத் தடுத்தாள். அவன் சொன்னது அவளுக்கு உள்ளே போய்த் தைத்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது.

"சரி, நான் கேக்கல. ஊர்ல எவ்வளவு பேர் இருக்காங்க. ஏன்டா எனக்கு?"

அதையும் சொன்னான். அதை அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"மூணு பேரு வந்து பாத்தாங்கக்கா. மூணு பேரும் கம்பளத்தத் தூக்கிப் பாத்துட்டு வேணாம்னு போயிட்டாங்க. நீ பாக்க மாட்டன்னு தெரியும்."

ஒன்பது வயதிலிருந்து அவள் வளர்த்த பிள்ளை சொன்ன வார்த்தை இது. யாருக்கும் இல்லாத நம்பிக்கையை இவனுக்கு வைத்தாளே, அந்த நம்பிக்கையைத்தான் அவன் அளவெடுத்து வைத்திருந்தான்.

அவள் எழுந்து, எட்டாவது உறைக்கு வெட்டிய துணியையும் பழுப்புக் காகிதத்தையும் சுருட்டி அவன் கக்கத்தில் வைத்தாள்.

"நான் தைக்க மாட்டேன். போ."

"அக்கா..."

"போடா."

அவன் போனான். அந்த எட்டாவது உறையைக் கடைத்தெருவில் வேறு ஒருவர் தைத்துக் கொடுத்ததாக அப்புறம் கேள்விப்பட்டேன். அவரும் வண்டியைப் பார்த்திருக்க மாட்டார்.

மகளுக்கு வலி எடுத்தபோது வாடகைக் காரில்தான் போனார்கள். ஏறியதும் ஊசியக்கா அந்த ஓட்டுநரிடம் எதுவும் கேட்காமல், பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தாளாம். அவர் முறைத்தாராம். பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. சின்னவன் போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. குழந்தையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தவனிடம் முகம் கொடுக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவன் போனபிறகு, "சட்டை தோள்ல பிரிஞ்சிருக்கு. அதக்கூடத் தைக்காமப் போட்டுக்கிட்டு வந்திருக்கான்" என்று சொல்லி அழுதாளாம். மகள்தான் என்னிடம் சொன்னாள்.

சாம்பல் காரை அவள் விற்கவில்லை. "இத இன்னொருத்தன் தலையில கட்டச் சொல்றியா?" என்று என் மேல் பாய்ந்தாள். துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தனியாக, மெதுவாக ஓட்டுவாள். குழந்தையை அதில் ஏற்றியதே இல்லை. சீட்டுக்குத் திரும்ப உறையும் போடவில்லை. பழுப்புக் கோடு தெரியத் தெரியத்தான் அது வாசலில் நிற்கும்.

ஆனால் ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. தெருவில் எங்கே பழைய கார் நின்றாலும் கண்ணாடியில் கையை வைத்து மறைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பாள். தான் தைத்த உறை இருக்கிறதா என்று தேடுகிறாள். இரண்டு முறை திருட வந்தவள் என்று நினைத்து விரட்டியிருக்கிறார்கள். போன மாதம் என்னிடம் வந்து ஒரு துண்டுச்சீட்டு அடித்துத் தரச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அடித்தேன்.

"உங்கள் காரின் சீட் உறையைத் தைத்தவள் நான். பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கறை இருந்தால் என் கடைக்கு வாருங்கள்." கீழே கடை முகவரி.

"எத்தன பிரதிக்கா?"

"ஆறு போதும்."

ஆறையும் எடுத்துக் கொடுத்தேன். கறுப்பில் சிவப்பு உறை போட்ட வண்டியை மார்க்கெட் பக்கம் கண்டுபிடித்து ஒன்றை முன்கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் செருகிவிட்டு வந்தாள். அடுத்த வாரம் நீலத்தில் வெள்ளை ஓரம். அதன் பின்சீட்டில் ஒரு குழந்தை இருக்கை கட்டியிருந்ததாம். அன்றைக்கு மத்தியானம் அவள் சாப்பிடவில்லை.

நேற்றுக் காலையில் அந்த நீல உறைக்காரர் வந்தார். குழாய் ரிப்பேர் செய்கிறவர், கையில் அந்தத் துண்டுச்சீட்டு. சண்டைக்கு வந்தவர்போல் இல்லை. குழப்பமாக இருந்தார். நானும் எழுந்து அவள் கடை வாசலில் போய் நின்றேன்.

"இழுத்துப் பாத்தேங்க. கறை இருக்கு. எனக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்க தம்பிதானே இந்த வண்டிய வித்தாரு?"

ஊசியக்கா தலையை ஆட்டினாள்.

"நான் அன்னைக்குக் கம்பளத்தத் தூக்கிப் பாக்கணும்னுதான் குனிஞ்சேன். அவரு இந்த உறையத் தொட்டுக் காட்டினாரு. 'எங்க அக்கா தச்சது. ஆளப் பாக்காம சட்டைகூடத் தைக்க மாட்டா. கெட்ட வண்டிக்குத் தைப்பாளா?'ன்னு கேட்டாரு. அதான் நான் பாக்காம விட்டுட்டேன்."

ஊசியக்கா மிஷின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். ஒரு துளி கண்ணீர் இல்லை. இத்தனை நாளும் கறையை மூடத்தான் அவன் தன் உறைகளைப் பயன்படுத்தினான் என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அவள் தொழிலை, அவள் பிடிவாதத்தை, அவள் சொன்ன வார்த்தையையே எடுத்துப் போய் அவன் விற்றிருக்கிறான்.

"வண்டி எங்க நிக்குது?" என்று கேட்டாள்.

"வாசல்லதாங்க."

"அந்தக் குழந்த சீட்ட முதல்ல வெளிய எடுங்க."

தையல் பிரிக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போனாள். நான் புத்தகத்தையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு, கடையைச் சாத்தாமல் பின்னாலேயே போனேன்.